மாட்டுக் கொட்டகையில் நின்ற கார்

ஓசூர் மைசூருக்குப் போகுமா, மெட்ராஸோடு இருக்குமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்துகொண்டிருந்த ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. இன்றைக்கு ஓசூர் ரோட்டில் வரிசையாகக் கம்பெனிகள் நிற்கின்றனவே, அந்த இடமெல்லாம் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டுக்காடாக இருந்தது. நான் கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் ஷெட்டில் ஃபிட்டர். வயது இருபத்திரண்டு. உடம்பெல்லாம் கிரீஸ், தலையெல்லாம் ஆசை.

சொந்த ஊர் கல்லாவி. அப்பா அங்கே ஒரு பண்ணையில் ஆள். அவருடைய அப்பாவும் அதே பண்ணையில்தான் இருந்து செத்தார். பத்து வயதுவரை நானும் அங்கே மாடு மேய்த்தேன். பஸ்ஸில் கிளீனராக இருந்த மாமா ஒருவர் ஒருநாள் என்னைக் கையோடு கூட்டிவந்து ஷெட்டில் விட்டார். அதனால் தப்பித்தேன். ஆனாலும் பண்ணைக்காரர் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், "உன் பையன் எப்படா வரான்?" என்று கேட்பாராம். அதில் கோபமெல்லாம் இருக்காது. மேய்ச்சலுக்குப் போன மாட்டை விசாரிக்கிற மாதிரி கேட்பார். நான் திரும்பி வரத்தான் போகிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வருஷம் அவர் வாக்கு பலிக்கிற மாதிரிதான் இருந்தது. எங்கள் முதலாளி பஸ்களை ஒவ்வொன்றாகச் சேலத்துக்காரர் ஒருவருக்கு விற்றுக்கொண்டிருந்தார். பொங்கலோடு ஷெட்டை மூடுகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்று. சர்டிபிகேட் கிடையாது. ஐந்தாம் வகுப்புகூட முடிக்கவில்லை. வேறு ஷெட்களில் கேட்டுப் பார்த்தேன். கல்லாவி என்றதும் யார் வீட்டுப் பையன் என்று கேட்டார்கள். சொன்னதும் இடமில்லை என்றார்கள்.

அப்போதுதான் சூளகிரிப் பக்கம் நின்றுபோன ஒரு காரை மாடு கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள். பழைய கார். பெங்களூரில் இருந்து வந்த ஒரு ஐயா அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தடித்த கண்ணாடி, கதர் சட்டை, நல்ல தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. தண்ணீர் பம்பைக் கழற்றி நான் வேலை செய்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வண்டி கிளம்பியதும் என்னைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார்.

பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்களாம். மோட்டார் வண்டி இந்த நாட்டுக்கு எப்படி வந்தது, எந்தெந்த வண்டி ஓடியது என்கிற சரித்திரம் அழியக்கூடாது என்பதற்காக அந்தச் சங்கம் ஒரு தர்ம டிரஸ்ட் வைத்திருக்கிறதாம். வருஷத்துக்கு ஒரு இளைஞனுக்கு அந்த டிரஸ்ட் பண உதவி செய்யும். பெங்களூரில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷப் பயிற்சி, சாப்பாடு, தங்க இடம், கடைசியில் சர்டிபிகேட். அதற்குப் படிப்பு தேவையில்லை. கைவிடப்பட்ட பழைய கார் ஒன்றை உயிர்ப்பித்து, குறிப்பிட்ட நாளில் அதைப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த நாள்.

"ஓடினா மட்டும் போதாதப்பா. கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படி இருக்கணும். இன்ஜின் மாறியிருக்கலாம், சீட்டு மாறியிருக்கலாம், அதெல்லாம் மன்னிச்சுடுவோம். கம்பெனித் தகடு மட்டும் அதுல இருக்கணும். அதுதான் வண்டிக்கு ஜாதகம்" என்றார்.

அன்றிலிருந்து ஷெட்டுக்கு வந்த டிரைவர், கண்டக்டர் எல்லோரையும் பிடித்துப் பிடித்து விசாரித்தேன். ஓசூர் - தளி பஸ்ஸின் டிரைவர் ஒருவர்தான் சொன்னார். ஜவளகிரியில் ஒரு பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் சீமைக் கார் ஒன்று வெகுநாளாகக் கிடக்கிறதாம். "கோழி முட்டை வெக்கிறதுக்கு வெச்சிருக்காங்க" என்று சிரித்தார்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு போனேன். தெலுங்கு பேசுகிற நிலக்காரர் வீடு. வீட்டுக்குப் பின்னால் காடு ஆரம்பித்துவிடும். வீட்டுப் பெரியவர் என்னை வாசலில் நிறுத்தியே விசாரித்தார். கார் அவருடைய தம்பி வாங்கியது. தம்பி உலகச் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பதிவுப் புத்தகத்தை என்றைக்கோ செல் அரித்துவிட்டது. தம்பி மனைவி மட்டும் இருக்கிறார், பிள்ளை இல்லை. "ஓட்டினா ஓட்டிக்கோ. இல்லன்னா இரும்புக் கடைக்கு ஏத்தி உட்டுட்டுப் போ. எப்படியோ கொட்டகை காலியாவட்டும்" என்றார் பெரியவர்.

கொட்டகையில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மடக்குத் துணிக் கூரை கிழிந்து தொங்குகிறது. பின்சீட்டில் நிஜமாகவே கோழி. சக்கரம் நாலும் தரையோடு தரை. பெயின்ட் எந்த நிறம் என்றே சொல்ல முடியாது. ஆனால் அதில் இருந்த பித்தளை முழுக்கத் தகதகவென்று மின்னுகிறது. விளக்கு வளையம், ரேடியேட்டர் மூடி, ஸ்டீயரிங்குக்கு எதிரே மரப் பலகையில் திருகி வைத்த கம்பெனித் தகடு, எல்லாவற்றிலும் முகம் பார்க்கலாம். தகட்டின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வேறு. தகடு இருக்கிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லாவிக்குப் போக வேண்டாம், பிழைத்தேன் என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

துலக்கி வைத்தது யார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தம்பி மனைவிதான். ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளைப் புடவை, நறுக்கென்ற பேச்சு. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கிப் பொட்டு வைத்து ஏற்றுவது பெரியவரின் மனைவி. தாலி இழந்தவர் சாமி அறை விளக்கைத் தொடக் கூடாது என்று இவரை ஒதுக்கிவிட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் நிற்கிற காரைத் தொடாதே என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனவே வெள்ளிக்கிழமை காலையில் அங்கே வீட்டுக்குள் விளக்குத் துலக்கும் நேரத்துக்கு, இவர் புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடுவார். தேய்த்துக் கழுவித் துணியால் ஒற்றி, தகட்டில் சந்தனம் வைத்துவிட்டுப் போவார். கணவர் போன நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

முதலில் என்னை "ஏய்" என்றார். அடுத்த வாரம் "ஏம்ப்பா" ஆனேன். கார்த்திகை பிறப்பதற்குள் "நாயனா" ஆகிவிட்டேன். தெலுங்குக்காரர் வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் அது. ஷெட்டில் வேலை குறைந்துபோனதால் முதலாளியும் தடுக்கவில்லை; நான் படுத்ததும் தின்றதும் கொட்டகையில்தான். களியும் கீரைக் கடைசலும் இலையில் வைத்து வேலைக்காரம்மா கொண்டுவந்து கொடுப்பார். பண்ணையாள் மகன் பெரிய வீட்டுக்குள் நுழைந்துவிட முடியுமா என்ன? அதை நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த அம்மா மட்டும் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று, நான் ஒவ்வொரு நட்டாகக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கார் கொடுப்பதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "பெங்களூருக்கு நானும் வருவன். அவரு என்னை ஒருதரம் கூட்டிகினு போறன்னு சொல்லிகினே இருந்தாரு."

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் பக்கம் போதாது. இன்ஜின் இறுகிப்போய்க் கிடந்தது. ஏற்கெனவே ஒருமுறை வெடித்து, அந்த அம்மாவின் கணவரே பெங்களூரில் வேறு இன்ஜின் மாற்றினாராம். மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, முன்னால் செருகிச் சுற்றும் கைப்பிடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அசைத்து இளக்கினேன். தோல் வாஷரை ஓசூரில் ஒரு செருப்புக் கடையில் வெட்டி வாங்கினேன். கூரைத் துணியைத் தளி தையல்காரர் தைத்துத் தந்தார். பெங்களூர் ஐயா சொன்னது மண்டையில் இருந்ததால் புதுப் பெயின்ட் ஒரு சொட்டு அடிக்கவில்லை. எங்கள் ஷெட்டாக இருந்தால் முதல் வேலையாகச் சிவப்பும் மஞ்சளும் அடித்து, முன்னால் ஒரு தாமரைப் பூவும் வரைந்திருப்போம்.

நடுவில் ஒருமுறை கிருஷ்ணகிரி வந்தபோது அந்த ஐயா ஷெட்டுப் பக்கம் வந்திருந்தார். தகடு இருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேட்டார். "தங்கமாட்டம் மின்னுதுங்கய்யா" என்றேன். அவர் முகமும் மலர்ந்துவிட்டது.

மார்கழியில் ஒருநாள் காலை வண்டி உயிர் பிடித்தது. சுட்டது பாருங்கள் ஒரு வெடி! கோழிகள் கூரைக்குப் பறந்தன. ஒரு பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பெரியவர் பாதி சவரத்தோடு ஓடிவந்தார். அந்த அம்மா மட்டும் அசையாமல் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாயந்திரமே கல்லாவிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். அப்பா பண்ணையில் எல்லோரிடமும் என் மகன் பெங்களூரில் படிக்கப் போகிறான் என்று சொல்லிவிட்டாராம். பண்ணைக்காரரிடமும் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். முன்னால் நான். பின்னால் அந்த அம்மாவும், துணைக்கு வேலைக்காரம்மாவும். வேலைக்காரம்மா தளி வரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லை. ஓசூரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, "ஊரு வந்துடுச்சா?" என்று கேட்டு, இன்னும் இருக்கிறது என்றதும் மறுபடியும் மூடிக்கொண்டார். அந்த அம்மாவோ கழுத்தை நீட்டி நீட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அத்திப்பள்ளி தாண்டியதும், "இவ்ளோதானா தூரம்?" என்றார். இவ்வளவு பக்கத்தில் இருந்த ஊருக்கா இத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தோன்றியது.

பெங்களூரில் ஒரு பெரிய பங்களாவின் புல்வெளி. வரிசையாகக் கார்கள், தொப்பிக்காரர்கள், பட்டுப் புடவைகள். எங்கள் வண்டியை நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். ரோட்டுப் புழுதி பித்தளையில் படிந்திருந்தது. அந்த அம்மா உடனே மடியிலிருந்த மூட்டையை அவிழ்த்தார். உள்ளே புளி, செங்கல் பொடி, நார். "இன்னிக்கு வெள்ளிக்கிழம இல்லதான். இருந்தாலும் நமக்கு இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழம" என்றார். நானே ஓடிப்போய்த் தோட்டக் குழாயில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தேன். அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில், முந்தானையைச் செருகிக்கொண்டு, விளக்கையும் மூடியையும் தகட்டையும் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சோதிக்க மூன்று பேர் வந்தார்கள். என் கண்ணாடி ஐயா, இன்னொருவர், வயதான ஒரு வெள்ளைக்காரர். வெள்ளைக்காரர் முட்டிபோட்டு அடியில் புகுந்து பார்த்துவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. கண்ணாடி ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு அவர் தகட்டுப் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். டார்ச் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் மெல்லிய காகிதம் ஒன்றைத் தகட்டின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டு மெதுவாகத் தேய்த்தார். எழுத்து இருந்தால் காகிதத்தில் வெள்ளையாக எழும்பி வரும். நானும் குனிந்து பார்த்தேன். காகிதம் முழுக்கக் கறுப்பு. ஒரு மூலையில் மட்டும் வட்டமாக ஏதோ ஒன்று. அது பூஜ்யமா, எட்டா, ஆறா என்று சொல்ல யாராலும் முடியாது. மற்றபடி கம்பெனிப் பேரும் இல்லை, நம்பரும் இல்லை, வருஷமும் இல்லை. தகடு மொழுமொழுவென்று இருந்தது.

பஸ் ஷெட்டில் வளர்ந்தவனுக்குத் தகடு என்றால் தகடுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் என்றைக்குப் பார்த்தோம்? எங்களுக்கு நம்பர் என்பது பெயின்டர் எழுதுவது. பளபளவென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டதோடு சரி. அடிச் சட்டத்தில் எங்காவது நம்பர் குத்தியிருக்கிறதா என்று மூன்று பேருமே படுத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்து அந்தக் கம்பெனி வண்டியில் தகட்டைத் தவிர வேறெங்கும் கிடையாதாம்.

"யாரு இதைத் துலக்கினது?" என்று ஐயா கேட்டார். குரலில் கோபம் துளிகூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் சாமி. வெள்ளிக்கிழம தவறாம. அவரு போனதிலிருந்து ஒரு வாரம் உட்டதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பகூட எழுந்து வந்து தேச்சிட்டுப் போயித்தான் படுத்தன்."

வெள்ளைக்காரர் என்ன என்று கேட்க, ஐயா இங்கிலீஷில் சொன்னார். கேட்ட வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு முன்னால் தலை குனிந்தார். அந்த அம்மா அதைப் பரிசு என்று எடுத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வாழ்க்கையில் நான் மறக்க நினைத்து முடியாமல் போனது அந்தச் சிரிப்பைத்தான்.

மூன்று பேரும் மரத்தடிக்குப் போய் வெகுநேரம் பேசினார்கள். கண்ணாடி ஐயா கையை ஆட்டி ஆட்டி எனக்காக வாதாடுவது இங்கிருந்தே தெரிந்தது. திரும்பி வரும்போது அவர் நடை தளர்ந்திருந்தது. என்னைத் தனியே கூட்டிப்போனார். கண்ட இரும்பையெல்லாம் ஒட்டவைத்துப் பழைய வண்டி என்று சொல்லிக் கொண்டுவந்து ஏமாற்றியவர்கள் முன்பு இருந்தார்களாம். அதனால் நம்பர் படிக்க முடியாத வண்டியை ஏற்கக் கூடாது என்று டிரஸ்ட் எழுதி வைத்திருக்கிறதாம். "உன் வேலையில ஒரு குத்தமும் இல்லப்பா. நான் உன்னை நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை வெச்சு அவங்களால குடுக்க முடியாதாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பெங்களூர்ப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவனும் நல்ல வேலைக்காரன்தான், அவன் வண்டியையும் பார்த்தேன். யாரையாவது திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்ட ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

"என்னா நாயனா சொன்னாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். நாளாகும், பிறகு சொல்லுவார்கள் என்று சமாளித்தேன். ஆனால் மற்ற கார்களின் டிரைவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டிருந்த வேலைக்காரம்மா, வெள்ளந்தியாக எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். "தகட்டுல இருந்த எழுத்தெல்லாம் தேஞ்சி பூடுச்சாம்மா. அதான் இல்லன்னுட்டாங்களாம்."

அந்த அம்மா கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

திரும்பும்போது எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். எங்கள் பக்கம் மதுவிலக்கு, பெங்களூரில் கிடையாது. எனவே போகிற வருகிற வண்டியில் எல்லாம் பாட்டில் இருக்கிறதா என்று தேடுவார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார். அந்த அம்மா மடியிலிருந்த மூட்டையைச் சந்தேகத்தோடு அவிழ்க்கச் சொன்னார். மிச்சப் புளி, செங்கல் பொடி, நார். "இன்னாம்மா இது, பெங்களூருக்குப் பாத்திரம் தேய்க்கப் போனீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் அந்த மூட்டை ரோட்டோரம் போய் விழுவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

தளி தாண்டிப் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. காட்டுப் பாதையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"நாயனா, நம்பரு போனா போவுது. அதுக்குக் கீழ அவரு பேரு இருந்துச்சி. வண்டி வாங்குனப்ப பெங்களூருல வெட்டிகினு வந்து காட்டுனாரு. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. உனக்குக் கொஞ்சம் தெரியுமே. அவரு பேரு இருக்குது இல்ல?"

காகிதம் முழுக்கக் கறுப்பாக இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தவன். அந்தப் பேரைத்தான் அவர் இத்தனை வெள்ளிக்கிழமையும் தேய்த்திருக்கிறார். அது அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதற்காகவே தேய்த்திருக்கிறார். இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இருட்டுதும்மா, விடிஞ்சி பாக்கலாம்" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவே இல்லை. வீடு வந்ததும் இறங்கி, காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். ஷெட்டில் பூட்டுத் தொங்கியது. கல்லாவி போய்ச் சேர்ந்தபோது அப்பா மண்வெட்டியோடு களத்தில் நின்றிருந்தார். என் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி ஓடலையாடா?"

"ஓடுச்சிப்பா."

"அப்பறம் என்னாடா?"

அதை அவருக்கு எப்படிச் சொல்வது? நன்றாக ஓடிய வண்டி, நல்ல மனிதர்கள், குற்றமில்லாத வேலை, ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றால் எந்தப் பண்ணையாளுக்குப் புரியும்? அப்பா சுவரோரம் சாத்தியிருந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்றைக்கே வயலில் இறங்கினேன். சாயந்திரம் பண்ணைக்காரர் வரப்பில் வந்து நின்று, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதற்குப் பதில் ஜவளகிரிக் காட்டிலேயே யானை மிதித்துச் செத்திருக்கலாம் என்று தோன்றியது. பல வருஷம் கழித்துத்தான் லாரி கிளீனராக அங்கிருந்து வெளியே வந்தேன். பிறகு டிரைவராகி அதிலேயே காலம் போய்விட்டது. ஒர்க்‌ஷாப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜவளகிரிக்கு அதன் பிறகு ஒரே ஒரு தடவை போனேன். பெங்களூர் போய்வந்த அடுத்த வருஷம், கேழ்வரகு அறுப்பு முடிந்திருந்த சமயம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று தெரிந்தேதான் போனேன். அவர் துலக்கிக்கொண்டிருப்பார், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. கொட்டகையில் கார் நின்றது. கோழி பழையபடி பின்சீட்டில் இருந்தது. விளக்கு வளையம், ரேடியேட்டர் மூடி, தகடு எல்லாம் களிம்பேறிப் பச்சை பூத்துக் கிடந்தது. சந்தனப் பொட்டு இல்லை.

அந்த அம்மா கொல்லையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா நாயனா" என்றார். மோர் கொண்டுவரச் சொன்னார். உடம்பு பாதியாகியிருந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிச் சொன்னார். காரைப் பற்றி அவராகப் பேசவில்லை. என்னால்தான் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா இப்பல்லாம் தேய்க்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்துத் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"தொட்டா இன்னும் என்னா போயிடுமோன்னு பயமா இருக்குது, நாயனா."

நான் மோரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த ஊருக்குப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. கார் என்ன ஆனது, அந்த அம்மா எப்போது போனார், எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் மருமகள் வெள்ளிக்கிழமை காலையில் புளி போட்டு விளக்குத் துலக்கும்போது நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவேன். கிழவனுக்கு டீப் பைத்தியம் என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். எனக்குப் போனது இரண்டு வருஷப் படிப்பு, அதையாவது லாரி ஓட்டி ஓட்டி ஒருவழியாக மறந்தேன். அந்த அம்மாவுக்கு அந்த வீட்டில் சொந்தமென்று இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான், அதையும் நான் கூட்டிப்போன இடத்தில் தொலைத்துவிட்டு வந்தார் என்பதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.